பெயருக்குப் பின்னால் ஒரு சோழன்

சரித்திர நாவல்கள் நமக்குச் செய்த கெடுதல்களில் ஒன்று, சோழன் என்பதைக் குடும்பப் பெயராக்கியது. ராஜராஜ சோழன் என்றால், ஜான் ஸ்மித்தில் வரும் ஸ்மித் மாதிரிதான் அந்தச் சோழன் நம் காதில் விழுகிறான். தஞ்சைக் கல்வெட்டில் அவன் கோராஜகேசரிவர்மரான ஸ்ரீராஜராஜ தேவர். ராஜகேசரி, பரகேசரி என்பவை பட்டமேறிய வரிசையில் மாறி மாறி வந்தவை. ஒருவன் ராஜகேசரி என்றால் அடுத்தவன் பரகேசரி. குடும்பப் பெயர் இப்படியா மாறும்?

சோழர் என்று ஒரு குலமே இல்லை என்பதல்ல என் வாதம். அந்தப் பெயர் ரத்தத்தோடு மட்டும் இறங்கவில்லை, உத்தியோகத்தோடும் இறங்கியது என்பதுதான். சேனாபதி கிருஷ்ணன் ராமன், மும்முடிசோழ பிரமமாராயன் ஆனான். பெரிய கோயில் கட்டிய குஞ்சரமல்லன், ராஜராஜப் பெருந்தச்சன். நாவிதத் தொழில் செய்தவன், ராஜராஜப் பெருநாவிசன். இவர்களெல்லாம் அரசனுக்குத் தாயாதிகளா?

எங்கள் விருத்தாசலம் பக்கத்துக் காடவர்களையே எடுத்துக்கொள்ளலாம். அவர்களில் ஒருவன் குலோத்துங்க சோழ காடவராயன் என்று பெயர் வைத்துக்கொண்டான். பெயரில் சோழன் இருக்கிறது. அது ஊழியத்தின் முத்திரை, பிறப்பின் முத்திரையல்ல. அந்த வழியில் வந்த கோப்பெருஞ்சிங்கன்தான் 1231இல் மூன்றாம் ராஜராஜனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான்.

வெள்ளைக்காரன் கதை மட்டும் வேறா? ஸ்டூவர்ட் என்பது ஸ்காட்லாந்து அரண்மனையில் மேற்பார்வை பார்த்த உத்தியோகம். ஏழாம் ஹென்றியின் பாட்டன் ஓவன் டியூடருக்கு, டியூடர் அவனுடைய பாட்டன் பெயர். வேல்ஸ் வழக்கப்படி தகப்பன் பெயரைச் சேர்த்திருந்தால், இங்கிலாந்தை மெரடித் வம்சம் ஆண்டிருக்கும். வங்கிக் கவுண்டரில் நான் தினமும் பார்க்கும் இனிஷியல் சமாச்சாரம்தான் இது. 1917இல், ஜெர்மனியோடு யுத்தம் நடக்கும்போது, ஐந்தாம் ஜார்ஜ் தன் சாக்ஸ்-கோபர்க்-கோதாவைக் கழற்றி வைத்துவிட்டு, கோட்டை இருந்த ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டார். விண்ட்ஸர் பிறந்தது. உத்தியோகம், பாட்டன் பெயர், ஊர்ப் பெயர்: ராஜ வம்சங்களின் மகிமை இவ்வளவுதான்.

இதையெல்லாம் அகராதி ஆராய்ச்சியாகச் சொல்லவில்லை. பெயரின் வாலில் தொங்கும் பட்டத்தைக் காட்டி, நாங்கள் ஆண்ட பரம்பரை என்று ஊருக்கு ஊர் போஸ்டர் ஒட்டுகிறார்கள். ஆண்டவன் என்று ஒருவன் இருந்தால் ஆளப்பட்டவன் என்று ஒருவன் வேண்டும். அவன் அடுத்த தெருவிலோ சேரியிலோ இருக்கிறான். போஸ்டர் அவனுக்காகத்தான். இதில் கேவலம், நம்மோடு உட்கார்ந்து பிரக்ஞை, நவீனத்துவம் என்று பேசுகிற எழுத்தாளர்கள் சாதிச் சங்க மலர்களுக்கு வம்ச வரலாறு எழுதித் தருவது. கேட்டால், ஊர்க்காரர்கள் கேட்டார்கள், மறுக்க முடியவில்லை என்கிறார்கள். கவிதையில் ஒரு வார்த்தைக்கு ஒரு மாதம் யோசிப்பவருக்கு, ஒரு பட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று அரைமணி யோசிக்க முடியவில்லை.

பட்டம்தான் ரத்தத்துக்குச் சாட்சி என்றால், ராஜராஜப் பெருநாவிசனின் சந்ததியும் ஆண்ட பரம்பரைதான். அடுத்த மலரில் இதைப் போடச் சொல்லுங்கள், பார்ப்போம்.