ஆங்கிலம் யாருடைய சொத்து?

கோடை விடுமுறை விட்டால் போதும். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரைக்கும், இந்தப் பக்கம் பூந்தமல்லி டிரங்க் ரோடு நெடுகிலும், கம்பத்துக்குக் கம்பம் தட்டி தொங்குகிறது. "நாற்பத்தைந்தே நாளில் சரளமாக இங்கிலீஷ் பேசலாம்" என்று அந்தத் தட்டி சத்தியம் செய்கிறது. ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி வண்டியை நிறுத்தி அதைப் படிக்கிறார். வயல் வேலைக்குப் போகும் தாய்மார் படித்தவர் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். சீட்டுப் பணத்தை எடுத்தோ, கம்மலை அடகு வைத்தோ பிள்ளையை அனுப்புகிறார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைக்கு "மை நேம் இஸ்" என்று தொடங்கும் நாலு வாக்கியம் மனப்பாடம் ஆகியிருக்கிறது. வகுப்பு நடத்தியவர் அடுத்த கோடைக்குத் தட்டி எழுதக் கொடுத்துவிட்டார்.

இந்தச் சில்லறை வியாபாரத்துக்கு உலகத்தில் ஒரு மொத்த வியாபாரம் உண்டு. இங்கிலாந்தின் கடலோர ஊர்களான பிரைட்டன், போர்ன்மவுத் போன்றவற்றுக்கும், கோடையில் காலியாகக் கிடக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளுக்கும் பல தேசங்களிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள்; நம் கணக்கில் ஆறாவது முதல் எட்டாவது படிப்பவர்கள். இரண்டு வாரமோ மூன்று வாரமோ தங்குகிறார்கள். காலையில் பாடம், பிற்பகலில் விளையாட்டும் ஊர் சுற்றுவதும், இரவில் விடுதி அல்லது ஒரு உள்ளூர்க் குடும்பத்தின் வீடு. எழுந்ததிலிருந்து படுக்கும் வரை ஆங்கிலத்திலேயே புழங்கவேண்டும் என்பது ஏற்பாடு. மொழியில் மூழ்குவது என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். விமான டிக்கட் தனி.

இதில் அதிகமாகப் பணம் கொட்டும் தேசங்களில் ஒன்று தென் கொரியா. அது நமக்கு அன்னியமான தேசமல்ல. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் போனால் வரும் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரியக் கம்பெனியின் கார் ஓடி வருகிறது. அந்தத் தேசத்தில் மனைவியையும் பிள்ளைகளையும் ஆங்கிலம் பேசும் நாட்டுக்கு அனுப்பிவிட்டு, தனியாகச் சமைத்துத் தின்று, சம்பளத்தை மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருக்கும் தகப்பன்மார் ஏராளம். "காட்டு வாத்துத் தகப்பன்" என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. குடும்பத்தைப் பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை பறந்து போகிறவன் என்று அர்த்தம். இந்தப் பணம் வெளியே போவதைத் தடுக்கிறோம் என்று கியோங்கி மாகாண சர்க்கார் 2006ல் பாஜு என்ற இடத்தில் ஒரு "ஆங்கிலக் கிராமம்" கட்டிற்று. விமான நிலையம் போல் ஒரு நுழைவாயில், வங்கி போல் ஒரு வங்கி, கடை போல் ஒரு கடை. உள்ளே போனால் ஆங்கிலம் மட்டுமே பேசலாம். நட்டத்தின்மேல் நட்டம் வந்தது. பிறகு அந்த இடத்தையே வேறு பயிற்சிகளுக்கும் திருப்பிவிட்டார்கள்.

அமெரிக்காவுக்கு அனுப்ப வசதியில்லாத கொரிய நடுத்தரக் குடும்பங்கள் பிலிப்பைன்ஸுக்கு அனுப்புகின்றன. அங்கே ஆசிரியரின் கூலி மலிவு. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். பிலிப்பைன்ஸ் மக்களுக்கு ஆங்கிலம் எப்படி வந்தது? 1898ல் அமெரிக்கா அந்தத் தீவுகளை ஸ்பெயினிடமிருந்து பறித்தது. விடுதலைக்குப் போராடிய பிலிப்பினோ மக்களைச் சுட்டு அடக்கியது. 1901 ஆகஸ்டில் "தாமஸ்" என்ற ராணுவக் கப்பல் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்களை மணிலாவில் கொண்டுவந்து இறக்கியது. துப்பாக்கி முதலில், பாடப்புத்தகம் பின்னால்! அன்று அவர்கள்மேல் சுமத்திய மொழியை இன்று அவர்களுடைய பேரன் பேத்திகள் மணிக்கணக்கில் கூலிக்கு விற்றுப் பிழைக்கிறார்கள்.

நம் கதையும் வெகுதூரம் வேறல்ல. மெக்காலே 1835ல் தன் குறிப்பை எழுதியது வெள்ளைக்கார சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் நடுவே நின்று வேலை பார்க்க ஆள் தயாரிப்பதற்காக. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ல் ஏற்பட்டது. லேத்தும் டிரில்லிங் மெஷினும் ஓடிய மனைகளில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. இரவு முழுவதும் விளக்கெரிகிறது. உள்ளே நம் பிள்ளைகள் கடல் கடந்த ஊர்க்காரர்களின் டெலிபோனுக்குப் பதில் சொல்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று பார்க்கும் தகப்பனுக்கு ஒன்று சட்டென்று விளங்கிவிடுகிறது. ஆங்கிலம் பேசுகிறவன் அட்டையைக் காட்டி உள்ளே போகிறான். பேசாதவன் காவலுக்கும் கக்கூஸ் கழுவவும் காண்ட்ராக்டரிடம் போகிறான்.

ஆகவே தொழிலாளிக்கு ஆங்கில மோகம் என்று கேலி செய்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. மேடையில் தாய்மொழியைப் போற்றிவிட்டு, தன் பிள்ளையைக் கான்வென்டில் சேர்க்கும் கனவான்களுக்கு அந்த உரிமை கிடையாது. ஆங்கிலம் தெரியாததனால் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். பல வருஷங்களுக்கு முன் இந்த வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் நிர்வாகம் கொடுத்த கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தோழர்கள் இருபது பேர் நம்மிடம் வந்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார்கள். போனஸ் சம்பந்தமான காகிதம் என்று சொன்னார்களாம். மெட்ரிக் படித்த நமக்கே பாதிதான் புரிந்தது. வக்கீல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்த பிறகுதான், தாங்கள் செய்யாத குற்றத்துக்கு வருத்தம் தெரிவித்து அவர்கள் எழுதிக் கொடுத்த காகிதம் அது என்று தெரிந்தது. நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் எழுதி ஒட்டவேண்டும் என்று 1946ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லிற்று. ஆனால் கையெழுத்து வாங்கும் காகிதம் எந்த மொழியில் வருகிறது என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள்.

தொழிலாளி இயக்கம் ஆங்கிலத்தைத் தீண்டத்தகாததாக என்றும் வைத்ததில்லை. 1918 ஏப்ரல் 27ந் தேதி பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் தலைவராக வந்த வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் சொல்லித்தான் ஜனங்களுக்குப் புரிந்தது. 1923ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய அதே வருஷத்தில் "தொழிலாளன்" என்று தமிழில் ஒரு பத்திரிகையும், "லேபர் கிஸான் கெஜட்" என்று ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகையும் நடத்தினார். உலகத்தோடு பேச ஒன்று வேண்டும், சொந்த ஜனங்களோடு பேச ஒன்று வேண்டும். அந்த மனிதருக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை.

அப்படியானால் ஆங்கிலத்தைப் பிள்ளைகள் எங்கே கற்பது? காசுள்ளவன் பிள்ளை மூன்று வாரத்தில் கற்கிறான், நம் பிள்ளை பத்து வருஷம் படித்தும் வாய் திறப்பதில்லையே, ஏன்? மூளையில் வித்தியாசமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் நாளைக்கு ஒரு ஆங்கில பீரியட், 40 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 200 நாள் என்றால் 8,000 நிமிஷம், அதாவது 133 மணி நேரம். கோடை முகாமில் காலை 3 மணி நேரம் பாடம். மூன்று வாரத்தில் 15 நாள். மொத்தம் 45 மணி நேரம். நம் பிள்ளைக்குக் கிடைப்பது அதைப்போல் மூன்று மடங்கு! நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால், ஆசிரியர் வாயே திறக்காமல் எல்லா நேரத்தையும் பிள்ளைகளுக்கு விட்டாலும், ஒருவருக்குப் பேசக் கிடைப்பது நாளைக்கு ஒரே ஒரு நிமிஷம். முகாமில் ஒரு வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால் அதே கணக்கில் ஒருவருக்கு 12 நிமிஷம். அதற்கு மேல் சாப்பாட்டிலும் ஆட்டத்திலும் கடையிலும் அதே பேச்சு. மூழ்குதல் என்று பெரிய பெயர் சூட்டி விற்கும் சரக்கு இவ்வளவுதான்: சின்ன வகுப்பு, பேச ஆள், தப்பாகப் பேசினாலும் அடிக்காத ஆசிரியர்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மொழியில் மூழ்கும் படிப்புக்கு முன்மாதிரி என்று எல்லோரும் காட்டுவது கனடாவில் மான்ட்ரியல் பக்கத்திலுள்ள செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரை. அங்கே 1965ல் ஆங்கிலம் பேசும் வசதியான குடும்பத்துப் பெற்றோர் போராடி, தங்கள் பிள்ளைகளுக்கு முதலிலிருந்தே பிரெஞ்சு மொழியில் பாடம் நடத்தச் செய்தார்கள். மெகில் பல்கலைக்கழகத்தார் அந்தப் பிள்ளைகளைக் கூடவே இருந்து கவனித்தார்கள். பிள்ளைகள் பிரெஞ்சு கற்றார்கள், தாய்மொழியிலும் பின்தங்கவில்லை. ஏன்? அவர்களுடைய ஆங்கிலத்தை யாரும் பறிக்கவில்லை. வீட்டிலும் தெருவிலும் ஆபீசிலும் அதற்கே மதிப்பு. சில வருஷத்தில் பள்ளியிலும் அதைப் பாடமாகக் கற்பித்தார்கள். ஆசிரியருக்கு இரு மொழியும் புரியும்.

இதையே நம் திருவள்ளூர் ஜில்லாவின் செங்கல் சூளைகளில் பாருங்கள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து, மழை பிடிக்கும் வரை கல் அறுக்கிறார்கள். அவர்கள் பிள்ளை தமிழ் வகுப்பில் உட்கார்ந்தால் ஆசிரியர் சொல்வது ஒரு சொல்லும் விளங்காது. பிள்ளை சொல்வது ஆசிரியருக்கு விளங்காது. இதுவும் மொழியில் மூழ்குவதுதான். ஆனால் இதற்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. முன்னவன் நீந்தக் கற்கிறான், பின்னவனைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். சூளைகளின் பக்கத்திலேயே ஒடியாப் பாடப்புத்தகம் தருவித்து, ஒடியா தெரிந்தவர்களை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை சர்வ சிக்ஷா அபியான் மூலம் செய்தார்கள். நல்ல காரியம். நம் ஊரில் மொழிக் கல்வி பற்றி நடந்த காரியங்களில் புத்திசாலித்தனமானது அது என்றே நாம் நினைக்கிறோம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்மாறாக நடக்கிறது. 2012-13 முதல் சர்க்கார் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தார்கள். தனியார் பள்ளிக்கு ஓடும் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தவேண்டும் என்பது அதன் நியாயம். வாஸ்தவம், பெற்றோரும் கேட்டார்கள். ஆனால் வகுப்பு ஆங்கிலமானதும் ஆசிரியர் மாறிவிட்டாரா? 60 பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு, ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு ஆசிரியர் போதும் என்று 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அந்த இருவரே தமிழ்வழியும் ஆங்கிலவழியும் ஒரே அறையில் நடத்தவேண்டும். விளைவு, விஞ்ஞானமும் புரிவதில்லை, ஆங்கிலமும் வருவதில்லை. கேள்வி பதிலை உருப்போடுகிறார்கள். கூடியவரை தாய்மொழியே போதனா மொழியாக இருக்கவேண்டும் என்று அதே சட்டத்தின் 29வது பிரிவு கூறுகிறது. ஆனால் தாய்மொழி வழியைக் கட்டாயமாக்க சர்க்காருக்கு அதிகாரமில்லை என்று கர்நாடக வழக்கில் 2014ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது. தனியார் பள்ளி முதலாளிகளுக்குக் கொண்டாட்டம்.

கட்டாயப்படுத்துவது பற்றிய சண்டை ஒருபுறம் நடக்கட்டும். பாடம் புரியத் தமிழ். ஆங்கிலம் ஒரு மொழியாக, பேசவும் படிக்கவும் எழுதவும் வருகிற அளவுக்கு நன்றாக. இதற்குக் கோர்ட்டு உத்தரவு தேவையில்லை. ஆசிரியர் தேவை. நாற்பது பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார்த்தி, தினம் பத்து நிமிஷம் ஒருவரோடொருவர் பேசவிட்டால் ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. செலவு ஒரு காசும் கிடையாது. தட்டி போட்டவனுக்குக் கட்டும் பணத்தைப் பெற்றோர் கட்டவேண்டாம். மே மாதம் பூட்டிக் கிடக்கும் சர்க்கார் பள்ளிக் கட்டடத்தைக் காலையில் இரண்டு மணி நேரம் திறந்துவிட்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களுக்கு நியாயமான சம்பளம் கொடுத்து இலவசமாக நடத்த சர்க்காரால் முடியும். கொரோனா காலத்துக்குப் பிறகு 2021ல் "இல்லம் தேடிக் கல்வி"க்குத் தொண்டர்களைத் திரட்டிய சர்க்காருக்கு இது செய்யத் தெரியாததல்ல.

ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்பது சட்டம். நம் தோழர்கள் பலர் அதில் பெயரளவுக்கு அங்கத்தினர். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு போங்கள். வயல் வேலைக்குப் போகும் தாய்மாரையும் அழைத்துப் போங்கள். ஆறாவது முதல் எட்டாவது வரை ஆங்கிலம் நடத்துவது யார், அதற்கென்று படித்தவரா? காலியிடம் எத்தனை, எத்தனை மாதமாகக் காலி? ஆங்கிலவழிப் பிரிவுக்குத் தனி ஆசிரியர் உண்டா? நூலகப் புத்தகம் பிள்ளைகள் கைக்கு வருகிறதா, அல்லது பீரோவுக்குள் பூட்டியிருக்கிறதா? கிடைத்த பதிலைக் கூட்ட நோட்டில் எழுதச் செய்து, அதன் நகலை நமக்கு அனுப்பிவையுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிகளின் பதில்களை வரும் இதழ்களில் வரிசையாகப் பிரசுரிக்க இடம் ஒதுக்கியிருக்கிறோம்.