சங்கு ஏன் ஊதவில்லை?

விசாகப்பட்டினத்து எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் அபாயச் சங்கை முடுக்கிவிட 36 இடங்களில் வசதி இருந்தது. ஆலை வாயிலிலேயே ஒன்று இருந்தது. 2020-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் விடியற்காலை மூன்று மணியளவில், ஸ்டைரீன் தொட்டியிலிருந்து நச்சு ஆவி பீறிட்டுக் கிளம்பியபோது, அந்த 36-ல் ஒன்றைக்கூட எவரும் தொடவில்லை. நாம் இட்டுக்கட்டிச் சொல்வதல்ல இது. ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழுவே தன் அறிக்கையில் எழுதிவைத்த செய்தி. சுற்றிலும் வெங்கடாபுரத்து மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து வரும். பாயில் படுத்திருந்தவனைத்தான் அது முதலில் தேடி வந்தது. 12 பேர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டனர்.

"நடந்து முடிந்ததை இப்போது ஏன் கிளறுகிறீர்கள்?" என்று சில கனவான்கள் கேட்கக்கூடும். முடிந்திருந்தால் நாம் ஏன் கிளறப்போகிறோம்? ரசாயன ஆலைகள் பெருகுகின்றன. அவற்றுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரிகள் நம் ஊர் வழியாகவே ஓடுகின்றன. லாரியின் பின்புறத்தில் எழுதியிருக்கும் நாலு இலக்க எண் எதைச் சொல்கிறது என்று, அதே சாலையில் சைக்கிளில் வேலைக்குப் போகும் தோழர்களில் எத்தனை பேர் அறிவர்? ஸ்டைரீனுக்கு உரிய எண் 2055. அது தெரிந்திருந்தால் எட்டி நிற்கவாவது தோன்றும்.

இது விறகுத் தீ அல்ல, மண்ணெண்ணெய்த் தீயும் அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். விறகு எரியக் காற்று வேண்டும். ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் அணைந்துவிடும். சில ரசாயனத் திரவங்களோ நெருப்பைத் தம் வயிற்றிலேயே சுமப்பவை. தீக்குச்சியும் வேண்டாம், வெளிக்காற்றும் வேண்டாம். கொஞ்சம் சூடு ஏறினால் போதும். ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டுவிட்டால் உள்ளே கைவிட முடியாதபடி கொதிக்கிறதே, உழவர் வீட்டுப் பிள்ளைகள் கண்டதுதானே! பிறந்த சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். தங்கிய சூடு மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் யார் வந்து கும்பிட்டாலும் நிற்காது. இவற்றில் கரிமப் பெராக்சைடு போன்றவை தாமே சிதைந்து எரியும். ஸ்டைரீன் போன்றவை தம்மோடு தாமே பின்னிக்கொண்டு பிளாஸ்டிக்காக இறுகும். இறுகும்போது சூட்டைக் கக்கும். ரசாயன நிபுணர்கள் இவற்றை வேறு வேறு வகுப்பில் வைப்பார்கள். வைக்கட்டும். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றுதான்: குளிர்ச்சி போனால் உயிர் போகும்.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகள் சேர்ந்து தீயணைப்பு வீரர்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டு வருகின்றன. தாமே வினைபுரியும் பொருள்களுக்கு அதில் 149, 150 என்ற எண்ணுள்ள இரு வழிகாட்டிகள். திரவம் கொட்டினால் சுற்றிலும் குறைந்தது 50 மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது. ஏராளமாகக் கொட்டினால், காற்று வீசும் திசையில் 250 மீட்டர் வரை மக்களை அகற்றுவதை உடனே யோசிக்க வேண்டும். டாங்கரே தீயில் சிக்கிக்கொண்டால் நாலா பக்கமும் 800 மீட்டர். பெருந்தீயில் தண்ணீரை வெள்ளமாகப் பாய்ச்ச வேண்டும். ஆனால் தூரத்தில் நின்று! சிந்தியதை அள்ளுவதற்கு எரியாத, ஈரப்படுத்திய பொருள்தான் வேண்டும். எண்ணெய் கொட்டினால் மரத்தூளைத் தூவிப் பெருக்குகிற பழக்கத்தை இங்கே காட்டினால், அது தீக்குத் தீனி போட்டதாகும். குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய சரக்குக்கு 150-ஆம் வழிகாட்டி இன்னும் கண்டிப்பானது. சூடேற விடக்கூடாது, திரவ நைட்ரஜனோ, உலர் பனியோ, வெறும் ஐஸோ கொண்டுவந்து குளிர வைக்க வேண்டும், ஒன்றும் கிடைக்கவில்லையா, உடனே இடத்தைக் காலிசெய்ய வேண்டும்.

காலிசெய்வது கோழைத்தனமா? ஆபத்து என்றால் முன்னே பாய்வதுதான் நம் தோழர்களின் இயல்பு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். ஹார்வி புயல் கொண்டுவந்த வெள்ளம், ஹூஸ்டன் நகருக்கு அருகே கிராஸ்பியில் இருந்த ஆர்கெமா கம்பெனியின் ஆலைக்குள் புகுந்தது. குளிர்க் கிடங்குகளில் கரிமப் பெராக்சைடு. மின்சாரம் போயிற்று, மாற்று ஜெனரேட்டரும் உதவவில்லை. ஆலையிலேயே தங்கியிருந்த ஊழியர்கள் சரக்கை ஒன்பது குளிர்பதன வண்டிகளுக்கு மாற்றிப் பார்த்தனர். வெள்ளம் அதையும் விட்டுவைக்கவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றானதும் ஊழியர்கள் வெளியேற்றப்பட்டனர். ஒன்றரை மைல் சுற்றுவட்டாரத்தில் இருந்த 200-க்கு மேற்பட்ட மக்களும் அகற்றப்பட்டனர். ஆகஸ்டு 31-ஆம் நாள் முதல் வண்டி தானே பற்றிக்கொண்டது. மறுநாள் மேலும் இரண்டு. எஞ்சிய ஆறு வண்டிகளையும் செப்டம்பர் 3-ஆம் நாள் வேண்டுமென்றே கொளுத்தி முடித்தார்கள். ஏறத்தாழ 3,50,000 பவுண்டு பெராக்சைடு புகையாகப் போயிற்று. ஓர் உயிர் போகவில்லை.

அந்தக் கம்பெனிக்குப் பரிவட்டம் கட்ட நாம் இதைச் சொல்லவில்லை. பக்கத்து நெடுஞ்சாலையைத் திறந்தே விட்டிருந்தார்கள். அவ்வழி போன காவலர்கள் புகையில் மாட்டிக்கொண்டனர். புகை தாக்கி மருத்துவ உதவி நாடியவர்கள் 21 பேர். உள்ளே என்ன சரக்கு, எவ்வளவு என்ற முழுப் பட்டியலை ஊராருக்கு வெளியிடவும் கம்பெனி மறுத்தது. பட்டியலை மறைப்பதில் தேச வித்தியாசம் இல்லை போலும்!

பட்டியல் மறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஆகஸ்டு 12-ஆம் நாள் இரவு, சீனத்துத் தியான்ஜின் துறைமுகக் கிடங்கு சாட்சி. நனைந்தே இருக்க வேண்டிய நைட்ரோ செல்லுலோஸ் காய்ந்துபோய், தானே சூடேறித் தீப்பற்றியது என்று விசாரணை கூறிற்று. பக்கத்தில் இருந்த அம்மோனியம் நைட்ரேட்டு வெடித்தது. இறந்தோர் 165, காணாமற்போனோர் 8. இறந்தவர்களில் 99 பேர் தீயணைப்பு வீரர்கள். உள்ளே இருப்பது இன்னதென்று சரியாக அறியாமலே வண்டியை விட்டு இறங்கியவர்கள் அவர்கள்.

இனி, குளிர்ச்சிக்கு வருவோம். இங்கேதான் நாம் நின்று கேட்க வேண்டிய கணக்கு இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கக்கிய யூனியன் கார்பைடு தொட்டிக்குக் குளிரூட்டும் பொறி இருந்தது. விபத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டார்கள். 35 ஆண்டுகளுக்கு மேல் கழித்து விசாகப்பட்டினம். அங்கும் பொறி இருந்தது. ஆனால் 24 மணி நேரமும் ஓடவில்லை. மாலையில் நிறுத்துவது வழக்கம். மே மாதத்து வெயில்! ஊரடங்கால் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த தொட்டி! வெப்பம் காட்டும் கருவியோ தொட்டியின் அடிப்பாகத்தில் மட்டும். அடியில் குளிர்ந்திருப்பதாகக் கருவி சொல்ல, நடுவிலும் மேலேயும் கொதித்தது எவர் கண்ணிலும் படவில்லை. ஸ்டைரீன் இறுகாமல் தடுக்க டி.பி.சி. என்றொரு மருந்து கலப்பார்கள். சூடு ஏற ஏற அது தீர்ந்துகொண்டே வரும். தொட்டியை அடக்க அந்த மருந்து வேண்டியபோது, 500 கிலோ மருந்து குஜராத்தின் வாபியிலிருந்து தாமனுக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறி வரவேண்டியிருந்தது. தொட்டி விசாகப்பட்டினத்தில், மருந்து மேற்குக் கடற்கரையில்!

குளிரூட்டும் பொறி ஓடினால் மின்கட்டணம் ஏறும். மருந்தை இருப்பில் வைத்தால் பணம் முடங்கும். வெப்பமானி இன்னும் இரண்டு பொருத்தினால் செலவு. ஏட்டில் இவையெல்லாம் சிக்கனம் என்று எழுதப்படும். மாண்டவர் குடும்பத்துக்குத் தலா ஒரு கோடி ரூபாயை ஆந்திர அரசு தந்தது, கொடுத்தது சரியே. பசுமைத் தீர்ப்பாயம் கம்பெனியை 50 கோடி ரூபாய் கட்டச் சொல்லிற்று. கம்பெனியின் தலைவர் உட்பட 12 பேரைப் போலீசார் கைதுசெய்தனர். எல்லாம் நடந்தன. இரண்டு வெப்பமானிகளின் விலை என்ன என்று மட்டும் நமக்கு யாரும் சொல்லவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளிக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் நிர்வாகம் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினார்கள். 1989-ல் வந்த அபாயகர ரசாயன விதிகள், பெருமளவில் இவற்றை வைத்திருக்கும் ஆலைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தச் சொல்கின்றன. விசாகப்பட்டினத்து மக்களுக்கு அந்த எழுத்தெல்லாம் சங்காக ஊதவில்லை.

ஆகவே, ஆலைகளில் உள்ள நம் தோழர்கள் பாதுகாப்புக் குழுவில் வாயைத் திறந்து கேட்க வேண்டும். எந்தத் தொட்டிக்குக் குளிர் வேண்டும்? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்? தடுப்பு மருந்து கையிருப்பு எத்தனை கிலோ? உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தின் கையில் சரக்குப் பட்டியல் இருக்கிறதா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, இரவு ஷிப்டில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி, மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திராமல் சங்கை ஊதலாமா, ஊதினால் அவன் வேலை மறுநாளும் இருக்குமா? இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒத்திகைப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். போபாலில் நள்ளிரவு, தியான்ஜினில் இரவு பதினொரு மணிக்கு மேல், விசாகப்பட்டினத்தில் விடியற்காலை மூன்று. பதிவேட்டில் உள்ள ஒத்திகைகள் எல்லாம் பகல் பதினொரு மணிக்கு, அதிகாரிகள் வந்து தேநீர் அருந்திவிட்டுப் போன ஒத்திகைகள்தாமா என்று பாருங்கள்.