கடன் கொடுத்தால் கடல் திரும்புமா?

“வேலை கேட்காதே, சொந்தத் தொழில் தொடங்கு!” 1991க்குப் பிறகு சர்க்கார்கள் எத்தனையோ மாறின, இந்த உபதேசம் மட்டும் மாறவில்லை. 1996இல் பெரம்பூர் பின்னி மில் மூடப்பட்டது. வேலையிழந்தவனுக்குத் தள்ளுவண்டியைக் காட்டினார்கள். 2020இல், தெருவோர வியாபாரிக்கு முதல் கடன் 10,000 ரூபாய் என்று முழங்கினார்கள். கடனே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வாய்க்கால் இல்லாத வயலுக்கு விதை கொடுத்து என்ன பயன் என்றுதான் கேட்கிறோம்.

எண்ணூர் மீனவருக்குச் சுயதொழிலைப் பற்றி யார் பாடம் நடத்துவது? படகும் வலையும் உழைப்பும் அவருடையவை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரையேறிய எண்ணெயை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து மறுபடியும் எண்ணெய் வந்தது. படகும் வலையும் கறுத்தன. எந்தக் கடன் இதைக் கழுவும்?

ஊரார் யாரிடம் முறையிடுவது? திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. அந்த மாநகராட்சிக்கோ 2016 முதல் 2022 வரை தேர்தலே இல்லை! முதல் எண்ணெய் கரைக்கு வந்த நாளில், கேள்வி கேட்க வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. இதுதான் அபிவிருத்தியா?

தோழர்களே! நாம் கேட்பது பிச்சையல்ல. ஆற்றைக் கெடுத்தவனே அதைச் சுத்தம் செய்யட்டும், நஷ்டஈடும் கொடுக்கட்டும். ஆலைக் கழிவின் கணக்கு வார்டு மக்கள் முன் வைக்கப்படட்டும். தேர்தல் இனி ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது. ஊர் பிழைத்தால்தான் தொழில் பிழைக்கும். வார்டுதோறும் ஒன்று கூடுவோம்!