மழைக்கு முன் டயர் மாற்றுவது வீண் செலவா?

நம் சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய அக்கா குடும்பம் கனடாவில் இருக்கிறதாம். அங்கே பனிக்காலம் தொடங்கும் முன் காரின் நான்கு டயர்களையும் கழற்றி வைத்துவிட்டு, பனிக்கென்றே செய்த வேறு நான்கு டயர்களை மாட்டுகிறார்களாம். "ஐயா, நீங்கள் ரயில்வேயில் சக்கரத்தோடு பழகியவர். அந்தச் செலவு அவசியம்தானா? நமக்கும் மழைக்கென்று அப்படி ஒன்று வேண்டாமா?" என்றார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அன்று விட்டுப்போன பதிலை இப்போது சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அவசியம்தான். குளிர் ஏற ஏற ரப்பர் இறுகும். வெப்பம் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் பிடிப்பு குறையத் தொடங்கும். பனிக்கால டயர் குளிரிலும் இளக்கமாக இருக்கும் கலவையில் செய்யப்படுவது. அதன் மேல்பரப்பில் பனியைக் கவ்வுவதற்கு நெருக்கமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். பக்கவாட்டில் மலையும் பனித்துளியும் சேர்ந்த முத்திரை இருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் இது சட்டம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயர் இல்லாமல் கார் ஓட்டக்கூடாது. அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் செலவைப் பார்த்துத் தயங்கினால், வாங்கச் சொல்லிப் பெரியவர்கள்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் நமக்கானது. நமக்கு இரண்டாவது செட் டயர் வேண்டாம். இருக்கும் டயரைச் சட்டம் சொல்லும் கடைசி எல்லை வரை தேய்த்துத் தீர்க்காமல், மழைக்கு முன்பே மாற்றினால் போதும். இது என் கட்சி. பணம் கொடுத்துப் படித்த பாடம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முந்தின நாள். விடுமுறைக்கு வந்த பேரனைத் திருவனந்தபுரம் ஸ்டேஷனில் இறக்கிக்கொண்டு, நானும் மனைவியும் பாறசாலைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நெய்யாற்றின்கரை வரை வெயில். அமரவிளை பாலம் தாண்டியதும் தூறல் பிடித்தது. உதியன்குளங்கரை வருமுன் ஓர் இடவழியிலிருந்து ஸ்கூட்டர் ஒன்று குறுக்கே வந்தது. ஐம்பது கிலோமீட்டர் வேகம்தான். பிரேக்கை மிதித்தேன். காரின் பின்பக்கம் யாரோ பிடித்துத் தள்ளியது போல் ஒதுங்கிச் சுற்றியது. நின்றபோது கார் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. எங்களுக்குப் பின்னால் வந்த பஸ், காருக்குப் பத்தடி தூரத்தில் நின்றிருந்தது. அந்த டிரைவர் விழிப்பாக இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

பேரன் கேட்டான்: "தாத்தா, நாம ஏன் திரும்பி நிக்கிறோம்?"

மனைவி வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றிய பிறகுதான் வாய் திறந்தாள். "ரயில் சக்கரத்துக்கெல்லாம் கேஜ் வச்சுப் பாத்தீங்களே, நம்ம வண்டிச் சக்கரத்தப் பாக்கலியா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் கடை இல்லை. அதற்கு அடுத்த நாள் டயர்க் கடையில் அளந்து பார்த்தார்கள். முன்பக்கம் இரண்டும் புதிது. பின்பக்கம் இரண்டிலும் பட்டன் ஆழம் 2 மில்லிமீட்டர். சட்டப்படி குற்றமில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் கேட்கின்றன. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. கடைக்காரர் சொன்னார்: "சாரே, கட்டை இல்லாத டயர பின்னால போட்டா மழையில பின்பக்கம்தான் ஆத்யம் போகும்." ஆறு மாதத்துக்கு முன் இரண்டு டயர் மட்டும் வாங்கி, "முன்னால் மாட்டு, இழுப்பது அதுதானே" என்று மேதாவித்தனமாகச் சொன்னது நான்தான்.

பட்டன் எதற்காக இருக்கிறது? காய்ந்த ரோட்டில் அது இல்லாவிட்டாலும் ரப்பர் பிடிக்கும். ஈர ரோட்டில் பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள்தான் தண்ணீருக்கு ஓடை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். டயரின் அகலம் 165 மில்லிமீட்டர். ரோட்டில் 2 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. கார் மணிக்கு 72 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் போகிறது. அந்த ஒரு டயர் நொடிக்கு ஆறரை லிட்டர் தண்ணீரை, ஏறக்குறைய அரைக்குடத்தை, ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். ஓடை ஆழமாக இருந்தால் தள்ளும். ஆழம் குறைந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் டயருக்கு அடியில் புகுந்துகொள்ளும். டயர் ரோட்டைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாதவையே.

தூறலுக்கு வேறொரு குணம் உண்டு. தூசியும் எண்ணெயும் கழுவிப் போகாமல் முதல் ஈரத்தில் குழம்பாகிவிடும். ரயில் பாதையிலும் இதே கதைதான். கொட்டும் மழையைவிட லேசான தூறலில்தான் இன்ஜின் சக்கரம் வழுக்கும். அதற்காகவே இன்ஜினில் மணல் பெட்டி வைத்து, சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் மணல் தூவுகிறோம். காரில் மணல் பெட்டி கிடையாது. பட்டன் ஒன்றுதான் கதி.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன். அங்கே சக்கரத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. இதற்குக் கீழே தேய்ந்தால் ஓடவே கூடாது என்பது ஒன்று. பணிமனையிலிருந்து வெளியே அனுப்பும்போது இருக்கவேண்டிய அளவு இன்னொன்று. பின்னது எப்போதும் முன்னதைவிடக் கூடுதல். அடுத்த முறை பணிமனைக்கு வரும்வரை நடுவழியில் கடைசி எல்லையைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. சட்டம் சொல்லும் 1.6 என்பது கழித்துக்கட்டும் அளவு. மழைக்காலத்துக்குள் வண்டியை அனுப்ப நமக்கும் ஓர் அளவு வேண்டும். அதை நான் 3 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறேன்.

செலவைப் பார்ப்போம். புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 வரை தேய்த்தால் 6.4 மில்லிமீட்டர் கிடைக்கிறது. 3-இல் நிறுத்தினால் 5. ஒரு செட் 18,000 ரூபாய், முழுவதும் தேய்த்தால் 40,000 கிலோமீட்டர் ஓடும், வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொண்டால், டயர்ச் செலவு வருடத்துக்கு 4,500 ரூபாய். 3-இல் மாற்றினால் 31,250 கிலோமீட்டர்தான் ஓடும். செலவு 5,760 ரூபாய். வித்தியாசம் வருடத்துக்கு 1,260 ரூபாய். நாளொன்றுக்கு மூன்றரை ரூபாய். ரோட்டோரக் கடையில் ஒரு சாயா கூட அந்த விலைக்குக் கிடைக்காது.

மறுத்துப் பேசுவோர் உண்டு. நல்ல டயரைத் தூக்கி எறிவது பணத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு, சட்ட எல்லை வரை ஓட்டலாம் என்று டயர் செய்கிறவர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கோவில்பட்டியில் இருக்கும் என் மைத்துனர், "அத்தான், நான் வழவழன்னு ஆகிற வரைக்கும் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலியே" என்பார். அவர் ஊர் ரோடு வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கிறது. ஆனியில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து பாருங்கள். அந்தப் பக்கம் காற்றாலை சுற்றும், இந்தப் பக்கம் மழை கொட்டும். இடவப்பாதி மழையும் நமக்கு உண்டு, ஐப்பசி மழையும் நமக்கு உண்டு. ஊரைப் பார்த்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

"மெதுவாகப் போனால் போதாதா?" என்பார்கள். மெதுவாகப் போவதுதான் முதல் மருந்து, மறுக்கவில்லை. நான் ஐம்பதில்தான் போனேன். குறுக்கே வந்தவர் என்னைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. இப்போது காரோடு வரை கான்கிரீட் பைபாஸ் வேறு வந்துவிட்டது. பழைய ரோட்டில் நாற்பதில் ஊர்ந்தவர்களும் அங்கே எண்பதில் பறக்கிறார்கள். வேகம் கூடக்கூட டயர் மிதக்கும் ஆபத்தும் கூடும்.

நம் குடும்பங்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. 1956 நவம்பர் 1-இல் எல்லைக்கோடு போட்டபோது விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. கோடு விழுந்ததே தவிர உறவு அறுபடவில்லை. வேலைக்காகத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நெல்லை, தூத்துக்குடி, மதுரைக் குடும்பங்களும் களியக்காவிளை வழியாகத்தான் ஊருக்குப் போகின்றன. எப்போது போகிறோம்? தீபாவளிக்கு. அதாவது ஐப்பசி மழையில், இருட்டில், காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் பலகாரமுமாக. பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்க மறப்பதில்லை. டயரைப் பார்க்கத்தான் மறக்கிறோம்.

ஆகவே சில யோசனைகள். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் 1.6 வந்துவிட்டது என்று பொருள். அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆழம் பார்க்கும் கேஜ் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் மாட்டுங்கள். முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் அப்படித்தான். முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் சுற்றும். அதை அடக்குவது நம் போன்றவர்களால் ஆகாது.

மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்வது தவறு. காற்று குறைந்த டயர்தான் சீக்கிரம் மிதக்கும். ஓய்வு பெற்றவர்கள் டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போகும் காரில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். ஆறு வருடத்துக்கு மேல் ஆன டயரை நான் நம்புவதில்லை. மொட்டை டயரில் கத்தி வைத்துப் பள்ளம் வெட்டித் தருகிறவர்களிடம் போகவே போகாதீர்கள். பிள்ளையை முன்னால் நிறுத்தி ஸ்கூட்டர் ஓட்டும் தம்பிமார்களுக்கும் இது பொருந்தும். உங்களுக்கு இருப்பது இரண்டே டயர்.

எங்கள் பக்கத்தில், வெள்ளறடையிலிருந்து குலசேகரம் வரை, ரப்பர்த் தோட்டங்கள். மழைக்காலம் வருமுன் தோட்டக்காரர்கள் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் மறைப்புக் கட்டுவார்கள். வெட்டுவாயில் தண்ணீர் இறங்கினால் பால் வீணாகும் என்று அதற்குச் செலவு செய்ய யாரும் யோசிப்பதில்லை. ஒரு சிரட்டைப் பாலுக்குக் காட்டும் கவனத்தைக் காருக்குள் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும்.

எனக்கு இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. சித்திரை முதல் நாள் காலையில் கனி காண்போம் அல்லவா? கண்டு முடித்ததும் கேஜை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நான்கு டயரையும் காண்கிறேன். புரட்டாசியில் இன்னொரு முறை. கேஜைப் பிடிப்பது பேரன். "தாத்தா, மூணு இருக்கு" என்றால் வண்டி கிளம்பும். இல்லையென்றால் முதலில் கடைக்குப் போகும்.