கோல் போடுகிறவர் வெளியே உட்காரட்டும்

கோடை விடுமுறையில் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊர்ப்புறக் கால்பந்துத் தொடர்களில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது. தண்ணீர் வற்றிய கண்மாயில் சமன்செய்த திடல், கம்பத்தில் கட்டிய விளக்குகள், ஒலிபெருக்கியில் ஓயாத வர்ணனை. ஊர் அணிக்குக் கோல் போடுகிற பையன் பந்தோடு சட்டென்று திரும்பும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு சரிகிறான். நாலு பேர் ஓடிவந்து காலை நீட்டி இழுக்கிறார்கள். மரத்துப்போகிற அளவுக்கு ஸ்பிரே அடிக்கிறார்கள். முட்டியைச் சுற்றி கிரேப் பேண்டேஜ் ஏறுகிறது. "ஒண்ணுமில்லடா, எந்திரிச்சு நடந்து பாரு" என்று தூக்கிவிடுகிறார்கள். சற்று நேரத்தில் அவன் நொண்டியபடியே மறுபடி உள்ளே போகிறான். கூட்டம் கைதட்டுகிறது.

அந்தக் கைதட்டலைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

நட்சத்திர ஃபார்வர்டு காயப்பட்டுவிட்டால் அணி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, அவரை எப்படியாவது இறக்கிவிடு என்பதே நம் ஊர்களின் பதிலாக இருக்கிறது. அது ஆட்டத்துக்கும் உதவாது, ஆட்டக்காரருக்கும் உதவாது. உலகின் மிகப் பெரிய அணிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. பீலே என்ற ஒரே மனிதரின் இரண்டு உலகக் கோப்பைகளை எடுத்துக்கொள்வோம். 1962-ல் சிலியில், செக்கோஸ்லோவாகியாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்திலேயே அவருக்குத் தசை கிழிந்தது. பிரேசில் அவரை உட்கார வைத்தது. அவர் இடத்துக்கு வந்த 22 வயது அமரில்டோ, தோற்றால் வெளியேற நேரலாம் என்ற நிலையில் ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல்களையும் அடித்தார். இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, சிலிக்கு எதிராக இரண்டு என்று காரிஞ்சா பாரத்தை ஏற்றார். இறுதி ஆட்டத்தில் முதலில் கோல் வாங்கிய பிரேசிலுக்குச் சமன் கோலைப் பெற்றுத் தந்தவரும் அமரில்டோதான். கோப்பை வந்தது.

1966-ல் இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. பல்கேரியா ஆட்டக்காரர்கள் உதைத்தே பீலேயைக் காயப்படுத்தினார்கள். அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லாமல் ஹங்கேரியிடம் பிரேசில் தோற்றது. பதற்றம் பிடித்துக்கொண்டது. முழுதாகக் குணமாகாத பீலேயைப் போர்ச்சுகலுக்கு எதிராக இறக்கினார்கள். மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்றைய விதியில் இடமில்லை. மீண்டும் உதைபட்டு நொண்டிக்கொண்டே அவர் களத்தில் நிற்க, பிரேசில் 1-3 எனத் தோற்று முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. அவர் இல்லாத ஆட்டத்தில் தோற்றதால் பயந்தவர்கள், அரைகுறைக் காலோடு அவரை வைத்துக்கொண்டும் தோற்றார்கள்.

2014 உலகக் கோப்பையில் வேறொரு விதமான பிழை. காலிறுதியில் கொலம்பியா ஆட்டக்காரரின் முழங்கால் இடித்து நெய்மாரின் முதுகெலும்பில் முறிவு. அரையிறுதிக்கு முன் தேசிய கீதம் பாடும்போது அவருடைய சட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றது பிரேசில். நெய்மாரின் வேலையை யார் செய்வது என்பதற்கு விடை இல்லாமல் துக்கத்தோடு இறங்கிய அணியை ஜெர்மனி 7-1 என்று நொறுக்கியது. கேப்டன் தியாகோ சில்வா தடையில் இருந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் காயப்பட்டவருக்காக அழுவதால் மட்டும் அவர் இடம் நிரம்பிவிடாது.

அவ்வளவு தூரம் போவானேன், நம் சென்னையின் எஃப்சி இருக்கிறது. 2017-18 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரில் அதன் ஃபார்வர்டு ஜேஜே லால்பெக்லுவா ஒன்பது கோல் அடித்தார், அணி கோப்பையை வென்றது. அந்த இறுதி ஆட்டத்தில் பெங்களூருவுக்கு எதிரான மூன்று கோல்களில் இரண்டைத் தலையால் முட்டிப் போட்டவர் மைல்சன் ஆல்வெஸ் என்ற தடுப்பாட்டக்காரர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். மறுவருடம் ஜேஜேவின் கால் ஓடவில்லை. ஐஎஸ்எல்லில் ஒரே ஒரு கோல். அணிக்குக் கடைசி இடம். 2019-ல் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடக்க, 2019-20 தொடர் முழுவதும் அவர் ஆடவில்லை. முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பயிற்சியாளர் ஜான் கிரகரி விலகினார்.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. புதிதாக வந்த ஓவன் காயில், கோல் அடிக்கும் பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தவில்லை. லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார், உண்மைதான். ஆனால் அவருக்குப் பந்தை அளந்து கொடுக்க கிரிவெல்லாரோ, பக்கவாட்டில் பாய்ந்து கோல் போட சாங்டே, இடையில் ஷெம்ப்ரி என்று எங்கிருந்து அடி வரும் என்று எதிரணிக்குத் தெரியாதபடி ஆடினார்கள். அடிமட்டத்தில் கிடந்த அணி நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவைச் சாய்த்து, 2020 மார்ச் 14 அன்று இறுதி ஆட்டம் வரை போனது. கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 1-3 எனத் தோற்றது வேறு விஷயம். அடுத்த தொடருக்குள் காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். கிரிவெல்லாரோ ஒருவரைச் சுற்றியே ஆட்டம் அமைந்தது. தொடரின் நடுவில் அவருக்கும் கணுக்கால் போனது. அணி எட்டாம் இடம். பாடம் படித்த அணியே மறுவருடம் மறந்துவிட்டது என்பது நமக்கு வருத்தம் தருகிறது.

இதைக் கேட்கிற மூத்த ரசிகர்கள் ஜர்னைல் சிங்கைச் சொல்வார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தலையில் தையல் போட்ட காயத்தோடு அவர் ஆடினார், தடுப்பாட்டக்காரரான அவரைப் பயிற்சியாளர் ரஹீம் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார், அரையிறுதியிலும் கோல், இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராகவும் கோல், இந்தியாவுக்குத் தங்கம். நம் பீட்டர் தங்கராஜ் கோல் காத்த ஆட்டம் அது. அந்தத் தங்கத்தின் பெருமை யாருக்கும் குறைவில்லை. ஆனால் தலையில் அடிபட்ட ஒருவரை இன்று எந்த மருத்துவரும் பந்தை முட்ட அனுப்பமாட்டார். ரஹீமிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய யோசனையைத்தான்: ஆள் குறைந்தபோது இருக்கிற ஆட்களை இடம் மாற்றி கோலுக்கு வழி தேடினார். ஜர்னைலின் ரத்தத்தை முன்மாதிரியாக்கி நம் பிள்ளைகளை இறக்கிவிடக் கூடாது.

முட்டிக் காயத்தின் ஏமாற்று வேலை பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்திருக்கும் லிகமென்ட் கிழிந்தால், அதாவது ஏசிஎல் போய்விட்டால், ஊரில் "ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்கிறார்களே அதுதான், முதலில் வீங்கும். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வற்றிவிடும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நன்றாக இருக்கும், ஏனென்றால் லிகமென்ட் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். கட்டுப் போட்டு முட்டை வெள்ளைக்கரு பூசிக்கொண்டு வருகிறவனுக்கும் நடக்க வருகிறது, நேராக ஓடவும் வருகிறது. சரியாகிவிட்டது என்று நினைத்து ஆட இறங்கி, ஒரு திருப்பத்தில் முட்டி மறுபடி நழுவும்போது உள்ளிருக்கும் குருத்தெலும்பு மெத்தையும் சேர்ந்து கிழிகிறது. முப்பது வயதில் மாடிப்படி ஏற முடியாதவர்களை இப்படித்தான் உருவாக்குகிறோம். அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் ஒன்பது மாதத்துக்கு முன் களத்துக்குத் திரும்பினால் மறுபடி கிழியும் அபாயம் பல மடங்கு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு. நம் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகள் இப்போது பந்தைத் தொடத் தொடங்கியிருக்கும் நேரத்தில் இதை யாரும் அவர்களிடம் சொல்வதாகத் தெரியவில்லை.

வரும்முன் காக்கவும் வழி இருக்கிறது, செலவே இல்லாமல். ஃபிஃபாவின் மருத்துவக் குழு உருவாக்கிய "11 பிளஸ்" என்ற பயிற்சியில் 15 உடற்பயிற்சிகள், 20 நிமிடம், பந்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். நார்வேயில் 1,800-க்கும் மேற்பட்ட சிறுமிகளிடம் இதைச் சோதித்து 2008-ல் வெளியிட்டபோது, கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. நம் திடல்களிலோ இரண்டு சுற்று ஓடிவிட்டு நேராக கோல் கம்பத்தைப் பார்த்து உதைக்கிறார்கள். மாவட்டத்தின் உடற்கல்வி ஆசிரியர்கள் நினைத்தால் இதை ஒரே பருவத்தில் மாற்றலாம்.

அரசு கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பைக் கொடுத்தது, முதலமைச்சர் கோப்பையை நடத்துகிறது. வரவேற்கிறோம். ஆனால் பந்தைக் கொடுத்த கை, பந்து ஆடிக் கால் போனவனையும் பிடிக்க வேண்டும். களத்திலிருந்து இறங்கியபின் ஒருவரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்று, பாலினச் சோதனையின் பெயரில் அதைப் பறிகொடுத்து, பிறகு செங்கல் சூளையில் வேலை பார்த்த கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் இந்த மண்ணின் பெண். அவருடையது காயம் அல்ல, அநீதி. இருந்தாலும் கைவிடப்படும் விதம் ஒன்றுதான். அவர் போராடிப் பயிற்சியாளராக எழுந்து நின்றார். ஜவ்வு கிழிந்த கூலிக்காரர் மகனுக்கு அந்தப் போராட்டத்துக்கே கால் வேண்டும்.

எனவே கேட்பதைத் தெளிவாகக் கேட்கிறோம். 2017-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒரு மாலை விளையாட்டுக் காயங்களுக்கென்றே புறநோயாளர் பிரிவு நடக்கட்டும். மாவட்ட விளையாட்டரங்கில் ஒரு பிசியோதெரபிஸ்ட் நிரந்தரமாக இருக்கட்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை என்று அச்சடிக்கிற தொடர் கமிட்டிகள், நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் காயப்பட்டவரின் ஸ்கேன் செலவுக்கு ஒதுக்கி, அதையும் அதே நோட்டீஸில் அச்சடிக்கட்டும். முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் அன்றைக்கு மீண்டும் ஆடக்கூடாது என்ற ஒரே விதியை நடுவர் கையில் கொடுத்துவிட்டால், "நடந்து பாரு" என்று தூக்கிவிடுகிற அண்ணன்மாருக்கும் சங்கடம் இல்லை. பயிற்சியாளர்கள் தங்கள் பங்குக்கு, கார்னர் பந்தில் முட்டப் பழகிய ஒரு தடுப்பாட்டக்காரரையும், கோலைப் பார்த்து உதைக்கத் தயங்காத ஒரு நடுக்களக்காரரையும் தொடர் தொடங்கும் முன்பே தயார் செய்து வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த கோடைத் தொடர்களுக்கான நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்குள், மாவட்ட விளையாட்டு அலுவலகமும் கால்பந்துக் கழகமும் தொடர் நடத்தும் ஊர்க் கமிட்டிகளை ஒரு முறை அழைத்து உட்கார வைத்துப் பேசினால் போதும். இந்த விதியும் இந்த ஒதுக்கீடும் இல்லாத தொடருக்கு அனுமதிக் கடிதம் தருவதில்லை என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.