ஆதரவு என்றால் வாய்மூடி இருப்பதா?

அமெரிக்காவில் மகனையோ மகளையோ கடற்படைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கு எல்லாரும் ஒரே புத்திமதிதான் சொல்கிறார்கள். தவறாமல் கடிதம் எழுதுங்கள், வீட்டுக் கஷ்டத்தை அதில் எழுதாதீர்கள், கண்ணீரைக் காட்டாதீர்கள், பெருமைப்படுங்கள். இது தப்பான புத்திமதி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இது பாதிதான். மற்றப் பாதியை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது? சிக்காகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் கிரேட் லேக்ஸ் என்ற தளம் இருக்கிறது. 1911இல் திறக்கப்பட்டது. சான் டியாகோவிலும் ஆர்லண்டோவிலும் இருந்த முகாம்கள் 1990களில் மூடப்பட்டன. அதன் பிறகு அமெரிக்கக் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேருகிற ஒவ்வொருவரும் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். 2022 முதல் 10 வாரமாக இருந்த பயிற்சி 2025 ஜனவரி முதல் 9 வாரமாக்கப்பட்டது.

வந்து இறங்கியதும் வீட்டுக்குத் தொலைபேசியில் ஒரு சில விநாடிப் பேச்சு. வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லலாம். அதற்கு மேல் பேச இடமில்லை. பிறகு கைபேசி போய்விடும். உடுத்தி வந்த துணிமணிகளைப் பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். பிள்ளை போய்ப் பல நாள் கழித்து, அவன் சட்டையும் செருப்பும் மட்டும் வாசலில் வந்து இறங்கும். "பெற்ற மனம் பித்து" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் பெட்டியைத் திறக்கிற தாயின் மனம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு கடிதம்தான் துணை. எப்போதாவது ஒரு தொலைபேசி அழைப்பு வரும்.

பயிற்சியின் கடைசிச் சோதனை ஓர் இரவு முழுவதும் நடக்கும். கட்டடத்துக்குள் கப்பல் போலவே அமைத்த இடத்தில், தீயும் வெள்ளமும் வந்ததாக வைத்து 12 மணி நேரம் வேலை வாங்குவார்கள். விடியும்போது பயிற்சியாளர் என்ற தொப்பியைக் கழற்றிக் கடற்படைத் தொப்பியைக் கொடுப்பார்கள். அப்புறம் அணிவகுப்பு. அதைப் பார்க்கக் குடும்பத்தில் சிலருக்கு மட்டும் அனுமதி உண்டு. கையில் காசில்லாதவர்களும் கடன் வாங்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வார்கள்.

ஆக, கடற்படைக்குப் பெற்றோர் தேவைப்படுகிறார்கள். 17 வயதுப் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமானால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் நடக்காது. பிள்ளை மனம் தளராதிருக்கப் பெற்றோர் கடிதம் வேண்டும். அணிவகுப்பில் கைதட்டப் பெற்றோர் வேண்டும். ஆனால் அதே பெற்றோர், "என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டால்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் சரித்திரத்தைப் பார்ப்போம்.

அயோவா ராஜ்யத்தில் வாட்டர்லூ என்ற ஊர். அங்கே ரயில்வேயில் சரக்கு வண்டியில் வேலை பார்த்த தாமஸ் சல்லிவன், அவர் மனைவி அலீட்டா. அவர்களுக்கு ஐந்து ஆண் மக்கள். 1942 ஜனவரியில் ஐவரும் ஒன்றாகக் கடற்படையில் சேர்ந்தார்கள். ஒரே கப்பலில்தான் இருப்போம் என்று கேட்டுப் பெற்றார்கள். கிரேட் லேக்ஸ் முகாமுக்கும் போனார்கள். ஜூனோ என்ற கப்பலில் ஐவரையும் போட்டார்கள். 1942 நவம்பர் 13இல், குவாடல்கனால் போரில் அந்தக் கப்பல் மூழ்கியது. தண்ணீரில் விழுந்து உயிரோடு மிதந்தவர்கள் சுமார் 100 பேர். தேடுவதில் தாமதம் நேர்ந்தது. கடைசியில் மீட்கப்பட்டவர்கள் 10 பேர். கப்பலில் இருந்த ஏறக்குறைய 690 பேர் மாண்டார்கள். சல்லிவன் சகோதரர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

மக்களிடமிருந்து கடிதம் நின்று போயிற்று. ஊரில் வதந்தி பரவிற்று. சர்க்காரோ வாய் திறக்கவில்லை. 1943 ஜனவரியில் அந்தத் தாய் கடற்படை அலுவலகத்துக்குத் தானே கடிதம் எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று. கப்பல் மூழ்கி இரண்டு மாதம் ஆன பிறகுதான் அதிகாரிகள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். யுத்த காலத்தில் கப்பல் விவரத்தை ரகசியமாக வைப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த யுத்தம் பாசிசத்தை எதிர்த்து நடந்த யுத்தம் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் அதே பெற்றோரைப் பிறகு ஊர் ஊராக, தொழிற்சாலை தொழிற்சாலையாக, கப்பல் கட்டும் துறைகளுக்கெல்லாம் யுத்தப் பத்திர விற்பனைக்காக அழைத்துப் போனார்கள். ஏப்ரலில் ஒரு புதுக் கப்பலுக்கு மக்கள் பெயரை வைத்து, தாயைக்கொண்டே அதை மிதக்க விட்டார்கள். மேடையில் நிறுத்தத் தாய் வேண்டும்; அவள் கேட்கும் வரை பதில் சொல்ல மாத்திரம் ஆள் இல்லை!

இது பழைய கதை என்று சிலர் சொல்லக்கூடும். பழைய கதை அல்ல. 2019இல் கிரேட் லேக்ஸ் முகாமிலேயே உடல்திறன் தேர்வை ஒட்டி இரண்டு இளம் பெண்கள் இறந்தார்கள். பிப்ரவரியில் ஒருவர், ஏப்ரலில் ஒருவர். இரண்டு வீடுகளிலும் அணிவகுப்பை எதிர்பார்த்திருந்த பெற்றோருக்கு வந்தது சாவுச் செய்தி.

2018இல் நார்போக் தளத்தில் பிராண்டன் கசெர்ட்டா என்ற 21 வயது மாலுமி தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் தந்தை தாமே கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் பெற்றோர் அழுதுவிட்டு அடங்கிவிடவில்லை. மேலதிகாரியின் கொடுமையைச் சொன்னார்கள். பிரதிநிதிகளின் கதவைத் தட்டினார்கள். 2021 டிசம்பரில் சட்டம் வந்தது. மகன் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. மனம் நொந்த படைவீரர் எவரும் காரணம் சொல்லாமலே மருத்துவ உதவி கேட்கலாம், அதை மறுக்கக் கூடாது என்பது சட்டம். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் விதிகள் வந்ததோ 2023இல்! சட்டம் வாங்கப் போராட வேண்டும். வாங்கிய சட்டம் அமலாகவும் போராட வேண்டும். இது தொழிலாளிக்குப் புதிய பாடம் அல்லவே!

2022 பிப்ரவரியில் கடற்படையின் விசேஷப் படைக்கான கடும் தேர்வை முடித்த சில மணி நேரத்தில் ஓர் இளைஞன் மாண்டான். அவன் தாய் ஒரு நர்ஸ். விடாமல் கேட்டாள். மருத்துவக் கண்காணிப்பில் குறைகள் இருந்தன என்று கடற்படையின் விசாரணை அறிக்கையே 2023இல் ஒப்புக்கொண்டது.

பெற்றோர் கேள்வி கேட்கத் தொடங்கினால் படையில் கட்டுப்பாடு கெட்டுப் போகும் என்று வாதிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் பதில் இது. ஆலையிலும் கட்டுப்பாடு வேண்டும் என்பதைத் தொழிலாளி மறுப்பதில்லை. ஆனால் மூடியில்லாத யந்திரத்தைக் காட்டி, "இதற்கு மூடி எங்கே?" என்று கேட்டால் கட்டுப்பாடு கெடாது, கை தப்பும். கேள்விக்கு அஞ்சுகிற கட்டுப்பாடு, கட்டுப்பாடே அல்ல.

சேருகிறவர்கள் எல்லாரும் வறுமையால் தள்ளப்பட்டவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். கடல் பார்க்கும் ஆசை உண்டு, குடும்ப வழக்கம் உண்டு, தேசபக்தியும் உண்டு. ஆனால் கல்லூரிச் சம்பளம் கட்ட வழியின்றி, படையில் சேர்ந்தால் படிப்புச் செலவு கிடைக்கும் என்று போகிறவர்களும் உண்டு. அந்த நாட்டு சர்க்காருக்கு இது நன்றாகத் தெரியும். 2023இல் ஆள் சேர்க்கும் இலக்கில் கடற்படைக்கு 7,000 பேருக்கு மேல் குறைந்தது. வயது வரம்பு 41 வரை உயர்த்தப்பட்டது. 2024இல் பள்ளிச் சான்று இல்லாதவர்களுக்கும், நுழைவுத் தேர்வில் போதிய மதிப்பெண் பெற்றால், வாசல் திறக்கப்பட்டது. ஆள் வேண்டும் என்று வாசலை இவ்வளவு அகலமாகத் திறக்கிறவர்கள், பதில் சொல்லும் ஜன்னலை மட்டும் ஏன் இவ்வளவு குறுகலாக வைத்திருக்க வேண்டும்?

இது அமெரிக்கப் பெற்றோரின் விவகாரம் மாத்திரமல்ல. நம் நாட்டுக் கடற்படையில் சேரும் இளைஞர்களுக்கு ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையில் பயிற்சி நடக்கிறது. 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தின்படி சேர்க்கை 4 ஆண்டுக்குத்தான். அதன்பின் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுவோர் 100க்கு 25 பேர் வரைதான். மீதிப் பேர் 4 ஆண்டு கழித்து என்ன செய்வார்கள்? அவர்களை ஈன்றவர்கள் இதைக் கேட்க வேண்டாமா?

ஆகவே கடிதம் எழுதட்டும். வாரம் தவறாமல் எழுதட்டும். ஊர்ச் செய்தியும் தம்பி தங்கை குறும்பும் எழுதட்டும். அந்தக் காகிதம் அங்கே சோற்றுக்குச் சமானம். அதோடு, கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தை ஒவ்வொரு வரியாகப் படிக்கட்டும். விளங்காததை விளங்கும் வரை கேட்கட்டும். பிள்ளைக்கு இருக்கிற வியாதியை மறைக்கச் சொல்லாமல், உள்ளதைச் சொல்லச் சொல்லட்டும். மனம் உடைந்தால் உதவி கேட்பது கோழைத்தனமல்ல என்று முதல் கடிதத்திலேயே எழுதட்டும். பதில் வராவிட்டால், தனியாக அழாமல் மற்றப் பெற்றோருடன் சேர்ந்து கேட்கட்டும். ஒருவர் கேட்டால் மனு. நூறு பேர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

பிள்ளையைக் கொடுத்தவர்களுக்குப் பதில் கேட்கும் உரிமை உண்டு. அதை எந்தக் கையெழுத்திலும் அவர்கள் எழுதிக் கொடுத்துவிடவில்லை.