பாதுகாப்புத் துறையும் நம் பிள்ளைகளும்

பிள்ளையின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்செழுந்தால் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்றோடு நமது உரையாடல் முடிந்துவிடுவதுண்டு. அண்மையில் வாசகத் தாய் ஒருவர் எம்மிடம் வேறொன்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் அவரது மகள், கனடாவின் தேசிய பாதுகாப்புத் துறையில் பணியாற்ற விரும்புகிறாளாம். "அகதியாக வந்தவர்களின் பிள்ளையை அங்கே எடுப்பார்களோ?" என்பதே தாயின் ஐயம்.

அந்த ஐயத்தின் வேரை நாம் அறிவோம். 'பாதுகாப்பு' என்ற சொல்லை ஊரில் நாம் கற்றது சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி. இங்கும் 2010இல் 'சன் சீ' கப்பலில் வந்திறங்கிய 492 பேரில் பலர், அடையாளமும் பாதுகாப்பும் காரணமாகக் காட்டப்பட்டு மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர்.

ஆயினும் விடை தெளிவானது. 1984இல் நிறுவப்பட்ட கனடியப் பாதுகாப்புப் புலனாய்வுச் சேவையும், இரகசியத் தகவல் தொடர்புகளைக் கையாளும் தொடர்பாடல் பாதுகாப்பு நிறுவகமும் கேட்பது கனடியக் குடியுரிமையை; பிறந்த மண்ணை அன்று. எனவே பெற்றோரின் முதற் கடமை குடியுரிமை விண்ணப்பத்தைப் பின்போடாதிருத்தல். நிரந்தர வதிவுரிமை பெற்றோர் ஐந்தாண்டுகளில் 1,095 நாட்கள் இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். அதே வதிவுரிமையுள்ள, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் தம்முடன் சேர்த்து விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது பல்கலைக்கழகம். கணிதமும் கணினியியலும் கற்போர்க்கு 1957இல் தொடங்கிய வோட்டர்லூ பல்கலைக்கழகம் ஒரு வாயில். படிப்பும் ஊதியத்துடனான பணியும் மாறிமாறி வரும் கோ-ஆப் முறை அங்குண்டு. தொடர்பாடல் பாதுகாப்பு நிறுவகமும் கோ-ஆப் மாணவர்களைச் சேர்க்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மானியரின் இரகசியக் குறியீட்டை உடைக்க உதவிய கணிதமேதை வில்லியம் டட், 1962இல் வோட்டர்லூவில் இணைந்தார். அந்நிறுவகத்தின் ஆய்வு மையம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அவரும் இந்நாட்டுக்குக் குடிபெயர்ந்து வந்தவரே. அரசியல், சட்டம், வரலாறு பயில்வோர் ஒட்டாவாவின் கார்ல்ட்டன் பல்கலைக்கழகத்தை நாடலாம். அங்குள்ள நோர்மன் பற்றர்சன் பள்ளி 1965 முதல் அனைத்துலக விவகாரங்களில் முதுநிலைக் கல்வி வழங்குகிறது. கிங்ஸ்ரனில் 1876இல் தொடங்கிய அரச இராணுவக் கல்லூரியிலோ அதிகாரிப் பயிற்சித் திட்டத்தில் சேர்வோர்க்குக் கல்விக் கட்டணமும் இல்லை, சம்பளமும் உண்டு. பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் படையில் சேவையாற்றல் கட்டாயம்.

மூன்றாவது, பாதுகாப்புச் சோதனை. மிக உயர்ந்த இரகசிய நிலைக்கு கடந்த பத்தாண்டு வாழ்வை ஆராய்வர்: வாழ்ந்த முகவரிகள், செய்த தொழில்கள், வெளிநாட்டுப் பயணங்கள், உறவுகள். இதற்குப் பல மாதங்கள் செல்லும். ஆகவே முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இவ்விடத்தில் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "பெரியப்பாவின் கதையை எழுதாதே" என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். உறவினரின் கடந்தகாலம் தானாகவே கதவை அடைத்துவிடுவதில்லை, மறைப்பு அடைத்துவிடும். இன்னொன்று: விண்ணப்பித்த செய்தியைக் கலியாண மண்டபத்தில் பேசித் திரியவும் வேண்டாம். அதைத் தமக்குள் வைத்திருக்கும்படியே புலனாய்வுச் சேவையும் விண்ணப்பதாரரைக் கேட்டுக்கொள்கிறது.

"நம்மவரையே வேவு பார்க்கச் சொன்னால்?" என்ற கேள்வியும் எழும். அது நியாயமான கேள்வி. அதற்குப் பிள்ளை தன் மனச்சான்றைக் கேட்டே விடை காண வேண்டும். நாம் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் நம் மொழியும் நம் துயரமும் தெரியாதவர்களே நம்மைப் பற்றிய கோப்பை எழுதினால் பிழை மலிவதற்கே இடமுண்டு. அத்துடன், இந்த அமைப்புகள் சட்டத்தின் வழி நடக்கின்றனவா என்று மேற்பார்வை செய்யவும் முறைப்பாடுகளை விசாரிக்கவும் 2019இல் தேசிய பாதுகாப்பு, புலனாய்வு மீளாய்வு முகமை அமைக்கப்பட்டது. காவலரைக் கண்காணிப்பதும் பாதுகாப்புப் பணியே. சட்டம் கற்கும் பிள்ளைகள் அதனையும் எண்ணிப் பார்க்கட்டும்.

அந்தத் தாய்க்கு நாம் கூறியது இதுதான்: மகளைத் தடுக்க வேண்டாம், முதலில் குடியுரிமைப் படிவத்தை நிரப்புங்கள். சந்தேகக் கண்ணோடு விசாரிக்கப்பட்டவர்களின் பிள்ளை, நாளை நியாயத்தோடு விசாரிக்கக் கற்றவளாக வரட்டும்.